புவியீர்ப்பை நீக்கிவிட்டார்களாம்!

அமெரிக்க மருத்துவர் ஒருவர் நோயாளியைச் சோதித்தபின் தம் குறிப்பை வாயால் சொல்லிப் பதிவு செய்கிறார். சென்னையிலோ கோவையிலோ ஓர் இளைஞர் அதைக் கேட்டு எழுத்தாக்குகிறார். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்னும் இத்தொழிலை நீங்கள் அறிந்திருக்கலாம். இப்போது கணினியே முதல் வரைவை எழுதித் தந்தாலும், அதைத் திருத்த மனிதச் செவி வேண்டியிருக்கிறது.

தமிழ்வழியில் பயின்ற என் பழைய மாணவர் ஒருவர், இத்தொழிலுக்கென மனப்பாடம் செய்துவந்த எலும்பு மருத்துவ, இயன்முறை மருத்துவச் சொற்பட்டியலை என்னிடம் காட்டினார். பட்டியலின் மீது மட்டுமன்றிச் சொற்களின் மீதும் எனக்குக் குறை உண்டு.

'அப்டக்ஷன்', 'அடக்ஷன்' என்னும் இரண்டைப் பாருங்கள். கையையோ காலையோ உடலின் நடுக்கோட்டிலிருந்து விலக்குவது முன்னது; நடுக்கோட்டை நோக்கிக் கொணர்வது பின்னது. பொருள் நேர் எதிர். ஒலியோ ஏறக்குறைய ஒன்று! ஆகவே மருத்துவர்கள் பலர் முதலிரண்டு எழுத்துகளைத் தனித்தனியே உச்சரிக்கிறார்கள். 'விலக்கல்', 'அணைத்தல்' என்றால் எவர் காதும் தடுமாறாது. 'இலியம்' இதைவிட மோசம். இடுப்பெலும்புக்கும் அதே ஒலி, சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் அதே ஒலி, எழுத்தில்தான் வேறுபாடு.

ஆனால் தமிழையும் சும்மா விடுவதற்கில்லை. தசையோ தசைநாணோ காயப்பட்டால் ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெயின்'. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் காயப்பட்டால் 'ஸ்ப்ரெயின்'. நமக்கோ இரண்டும் சுளுக்கு! பள்ளி இயற்பியலில் 'ஸ்ட்ரெயின்' என்றால் திரிபு என்று படித்தவர் பாடு இன்னும் திண்டாட்டம்.

எனக்கு மிகவும் உறுத்தியது தசைத்திறன் அளவீடு. 0 முதல் 5 வரை எண் தருகிறார்கள். திறன் என்றால் ஒரு நொடியில் செய்யப்படும் வேலை. இங்கே கடிகாரமே இல்லை. உண்மையில் சோதிக்கப்படுவது விசை. 'ஐந்துக்கு மூன்று' என்றால் 60 விழுக்காடு என்றும் எண்ணிவிடாதீர்கள். எடையை எதிர்த்து உறுப்பைத் தூக்க முடிகிறது, அதற்குமேல் சிறு தடையையும் வெல்ல முடியவில்லை என்பதே அதன் பொருள்.

இரண்டாம் எண்ணுக்கு விளக்கம், 'புவியீர்ப்பு நீக்கப்பட்ட நிலையில்' அசைவு. எங்கே போயிற்று புவியீர்ப்பு? உறுப்பைக் கிடைமட்டமாக நகர்த்தினால் அதன் எடையைத் தூக்க வேண்டியதில்லை, அவ்வளவே.

இது புரிந்தவர், 'படுக்கையிலிருந்து காலை உயர்த்துகிறார், அக்காலின் தசைத்திறன் 2' என்று காதில் விழுந்ததும் ஐயுறுவார். குறியிட்டு மருத்துவருக்கே திருப்பி அனுப்புவார். புரியாதவர் அப்படியே எழுதிவிடுவார். அது நோயாளியின் ஏட்டில் ஏறிவிடும். என் மாணவரின் பட்டியலில் அந்தச் சொல்லும் இருந்தது. எதிரே பொருள் எழுதும் இடம் காலியாக இருந்தது.