வியர்க்காத உடல்கள்

மேடையில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது திரையில் இன்னொருவரையும் ஆடவிட்டால், பார்ப்பவரின் கண் பெரும்பாலும் திரைக்கே ஓடும். பெரிதாக, வெளிச்சமாக இருப்பது அதுதானே. இது சமமில்லாத போட்டி என்று தெரிந்தே இறங்கிய படைப்பு, 1979இல் லூசிண்டா சைல்ட்ஸ் அமைத்த 'டான்ஸ்'. இசை பிலிப் கிளாஸ்; படம் ஓவியர் சோல் லெவிட்.

மேடையின் முகப்பில் மெல்லிய வலைத்திரை ஒன்று. அதற்குப் பின்னால் வெள்ளை உடுத்த நடனக் கலைஞர்கள் துள்ளியும் சுழன்றும் ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கடந்துகொண்டே இருக்கிறார்கள். அதே நடனத்தை அதே குழு ஆடியதை லெவிட் 35 மி.மீ. கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்து, அந்த வலையின்மேல் அதே தாளத்துக்கு ஓட்டினார். சில நேரம் படத்து உருவங்கள் நிஜ ஆட்களின் தலைக்கு மேலே, மாடி வீட்டுக்காரர்கள்போல ஆடும். சில நேரம் ஒரே உருவம் மேடையை மூடிக்கொள்ளும். சில நேரம் படமே இருக்காது.

சைல்ட்ஸின் அடவுகள் எளியவை, திரும்பத் திரும்ப வருபவை. வெறும் மேடையில் பத்து நிமிடம் பார்த்தால் சலிப்புத் தட்டலாம். படமோ கோணத்தை மாற்றி, தரையில் போட்ட கட்டங்களின்மேல் கால்கள் போகும் தடத்தைக் காட்டிவிடுகிறது. முன்வரிசை நாற்காலிக்கு ஒருபோதும் கிடைக்காத பார்வை அது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது படம் சட்டென்று மறையும் கணம். ஆடுபவர்கள் ஒருவர்கூடக் குறையவில்லை. ஆனாலும் மேடை காலியானதுபோல் இருக்கும்.

குறை, படத்தின் கடிகாரத்தில் இருக்கிறது. நம் நட்டுவனார் ஆடுபவரின் மூச்சைப் பார்த்துத் தாளத்தைச் சற்று இழுத்துப் பிடிப்பார். படம் யாருக்காகவும் காத்திருக்காது. 'டான்ஸ்' எண்ணிக்கையாலேயே கட்டிய நடனம் என்பதால் இது அதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. முகபாவத்தை நம்பும் நடனம் இதில் மாட்டிக்கொண்டால் தப்பாது. படம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் மேடை விளக்கையும் குறைத்தாக வேண்டும். அப்போது முதலில் இருட்டில் மூழ்குவது ஆடுபவரின் முகம்தான்.

படம் உடலுக்குக் கட்டுப்படாத இந்தச் சிக்கலை நடன அமைப்பாளர் டிரிஷா பிரவுன் 1966லேயே வேறு விதமாக அணுகியிருந்தார். 'ஹோம்மேட்' என்ற சிறிய ஆட்டத்தில் புரொஜெக்டரை அவர் தன் முதுகிலேயே கட்டிக்கொண்டார். அதில் ஓடியது அவரே ஆடிய அதே நடனம். அவர் திரும்பினால் படம் சுவரில் தாவும், குனிந்தால் கூரைக்கு ஏறும், பார்வையாளர்கள்மேலும் விழும். படம் எங்கே விழ வேண்டும் என்று சொல்வது உடல். கருவியின் கனத்தைச் சுமப்பதும் அதே உடல். மேடைக்குப் பின்னால் ராட்சதத் திரை வைத்து அலையும் நெருப்பும் காட்டுகிற இன்றைய தயாரிப்பாளர்கள் ஒருமுறை அந்தக் கருவியைத் தூக்கிப் பார்க்கலாம்.

'டான்ஸ்' 2009இல் நியூயார்க் மாநிலத்து பார்ட் கல்லூரியில் மறுபடி மேடையேறியது. லெவிட் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மேடையில் புதிய இளைஞர்கள். வலைத்திரையில் 1979இன் அதே படம். இடையில் வரும் தனிநடனப் பகுதியில், முப்பதுகளின் கடைசியில் இருந்த சைல்ட்ஸ் திரையில் சுழல, அவருடைய அடவையே கீழே வேறொரு பெண் ஆடினார். முதலில் இருந்தது ஒரே ஆளின் இரண்டு உருவம், கண்ணுக்கு ஒரு விளையாட்டு. இப்போது இருப்பது முப்பது வருட இடைவெளி. யாரும் திட்டமிட்டதல்ல, காலம் செய்துகொடுத்தது. படைப்பின் ஆகப் பெரிய பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு லியோன் ஓபரா பாலே குழு இதை எடுத்து ஆடியபோது, படத்தையும் தன் கலைஞர்களை வைத்து ஏறக்குறைய அச்சு அசலாக மறுபடி எடுத்தது. 1979இன் ஏற்பாட்டுக்கு அதுவே விசுவாசம் என்று வாதிடலாம், தவறில்லை. ஆனால் திரையிலும் மேடையிலும் மறுபடி ஒரே வயது. அந்தப் படத்துக்கும் வயதாகட்டும். முப்பது வருடம் கழித்து யாராவது அதன் பின்னால் ஆடினால் போய்ப் பார்க்கலாம்.