மயிலும் கடலைக்காடும்

காட்டுயிர்களைக் காக்க விவசாயிக்குச் சட்டம் என்ன கடமை போடுதுன்னு பார்க்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரே பிரிவுக்குள் இரண்டு நியாயம்.

காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணை. நிற்கும் பயிருக்கு ஆபத்து என்றாலே, காரணத்தை எழுதிவைத்து வேட்டைக்கு அனுமதி கொடுக்கலாம். மயில் முதல் அட்டவணை. அதற்கான உட்பிரிவில் 'பயிர்' என்ற சொல்லே கிடையாது. மனித உயிருக்கு ஆபத்தா, மீளாத ஊனமா, நோயா, அவ்வளவுதான் கேள்வி. மயில் யாரைக் கொன்றது? ஆக, விதைத்த கடலையை மொத்தமாகக் கிளறிப்போட்டாலும் தகரத்தைத் தட்டி விரட்டுவதோடு சரி.

விஷம் வைத்தால் அதுவும் 'வேட்டை'தான். குறைந்தது 3 வருஷம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். தண்டனை அதிகம்னு நான் சொல்லவில்லை. விஷத்தீனி மயிலோடு நிற்காது, கவுதாரியும் கீரியும் சேர்ந்தே சாகும். (முருகன் வாகனம்னு தயங்குறவங்களும் உண்டு, அது சட்டத்துக்கு வெளியே.)

என் குறை வேறு. 1963லிருந்து மயில் தேசியப் பறவை. தீனிச் செலவு மட்டும் காட்டுக்காரர் கணக்கில். தின்ற பயிருக்கு இழப்பீடு தரணும்னு இந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதை மாநில அரசாணைகளுக்கு விட்டுவிட்டது. கடமையைச் சட்டத்திலும் ஈட்டை அரசாணையிலும் வைத்தது யாருக்குமே உறுத்தவில்லையா?