கடிதத்தில் இல்லாதவள்

போர்முனைக் கடிதத்தை ஓர் ஆணின் திறந்த மனமாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். 1915 மார்ச்சில் பிரான்சின் நெவ் ஷப்பெல் சண்டையில் பங்கெடுத்த இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதியவை இந்தப் பழக்கத்தைக் குலைக்கின்றன. எழுத்தறியாத பலர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். படை அதிகாரி பார்த்தார். தணிக்கை அலுவலகம் மறுபடி பார்த்தது. பஞ்சாப் கிராமத்தில் இன்னொருவர் உரக்கப் படித்தார். இத்தனை பேர் நடுவே மனைவியிடம் என்ன பேசிவிட முடியும்?

இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையர் படையைச் சிவப்பு மிளகு என்றும் எழுதித் தணிக்கையை ஏய்த்தார்கள். ஆய்வாளர்கள் வியக்கும் தந்திரம் இது. எனக்கு உறுத்துவது வேறு. அரசை ஏய்க்க ஒரு மொழி உருவானது. முற்றத்தில் கூடியிருக்கும் குடும்பத்தைத் தாண்டி அவளை எட்ட ஒரு மொழி உருவாகவில்லை. கடிதங்கள் பெரும்பாலும் தகப்பனுக்கும் சகோதரனுக்குமே போயின. இன்று நம் கையில் இருப்பதோ தணிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகள். பெண்கள் எழுதியனுப்பியவை அவற்றில் மிகக் குறைவு.

அவளைப் பற்றிய மௌனத்தை அன்பின்மை என்று நாம் முடிவுகட்ட வேண்டாம். அந்தக் கடிதம் படிக்கப்பட்டபோது அவள் எங்கே நின்று கேட்டாள், கேட்கவாவது விட்டார்களா என்பதிலிருந்து வாசிப்பைத் தொடங்கலாம்.