ஒரே குடும்பம், வேறு வேலை

2009-இல் அறிவிக்கப்பட்ட என்.டி.எம்-1 நொதி, கார்பாபெனெம் வகையைச் சேர்ந்த வலுவான ஆன்டிபயாட்டிக்குகளையே உடைத்துவிடும். புதுடெல்லியில் சிகிச்சை பெற்ற சுவீடன்வாசி ஒருவரிடமிருந்து எடுத்த கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியாவில் அது இருந்தது. அதன் அமினோ அமில வரிசையைத் தெரிந்த நொதிகளோடு ஒப்பிட்டார்கள். மிக நெருங்கிய உறவான விம் நொதிகளோடுகூட 32.4 விழுக்காடுதான் பொருந்தியது.

ஆனாலும் அது மெட்டலோ பீட்டா லாக்டமேஸ் என்ற நொதிக் குடும்பம்தான் என்பதில் ஐயம் எழவில்லை. துத்தநாக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஹிஸ்டிடின்கள் உள்ளிட்ட சில அமினோ அமிலங்கள் தத்தம் இடத்திலேயே இருந்தன. புரதத்தின் மற்ற பகுதிகளில் மாற்றம் நேர்ந்தால் பாக்டீரியா பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வினை நடக்கும் இடத்தில் மாறினால் நொதி செயலிழக்கும். அந்த மாற்றம் நிலைக்காது. வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் தேடலும் புரதக் குடும்பங்களின் பிஃபாம் தொகுப்பும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன. நுண்ணுயிரியலுக்கு இந்த ஒப்பீட்டைவிடப் பயனுள்ள கருவி அரிது.

சிக்கல் பெயர் வைப்பதில் தொடங்குகிறது. செல்லுக்குள் சேரும் நச்சுப்பொருளை அகற்ற உதவும் கிளையாக்சலேஸ்-2, டி.ஆர்.என்.ஏ-வின் முனையைச் சீராக்கும் ஆர்.என்.ஏஸ் இசட் ஆகிய நொதிகளிலும் இந்தக் குடும்பத்துக்குரிய புரதப் பகுதி (டொமைன்) உண்டு. மனித உடலிலும் இவை இருக்கின்றன. மருந்து எதிர்ப்போடு இவற்றுக்குத் தொடர்பில்லை. மண் பாக்டீரியா ஒன்றின் மரபணுத் தொகுதியில் 'மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்' என்ற பெயரைக் கணினி ஒட்டிவிட்டால், அது ஆன்டிபயாட்டிக்கை உடைக்கும் என்று நம்புவது பெரும்பிழை. என்.டி.எம்-1 விஷயத்தில் அந்த மரபணுவை ஈ.கோலையில் புகுத்தி, எதிர்ப்பாற்றல் வருவதைப் பார்த்த பிறகே முடிவு சொன்னார்கள்.

ஒற்றுமை மிகுந்தாலும் உறுதி கிடையாது. அட்ரசின் களைக்கொல்லியிலிருந்து குளோரினை நீக்கும் அட்ஸ்-ஏ, மெலமினிலிருந்து அமினோ தொகுதியை நீக்கும் ட்ரை-ஏ இரண்டும் 98 விழுக்காடு ஒன்றே. வேறுபடுபவை 9 அமினோ அமிலங்கள், வேலையோ வேறு. மறுபுறம், கைமோட்ரிப்சின், சப்டிலிசின் என்ற நொதிகள் ஒரே வகை வினைமையம் கொண்டவை, ஆனால் தனித்தனியே தோன்றியவை. வரிசை ஒப்பீட்டில் அந்த ஒற்றுமை அகப்படாது.

ஆறு நொதிப் பெருங்குடும்பங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரிய பொதுத் தரவுத்தளங்களில் தவறான பெயரிடல் பெருங்குடும்பத்துக்கேற்ப சராசரியாக 5 முதல் 63 விழுக்காடு வரை இருந்ததைக் காட்டியது. வல்லுநர்கள் சரிபார்க்கும் சுவிஸ்-புராட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது ஏறக்குறைய பூச்சியம். தவறான பெயர் அடுத்த ஒப்பீட்டுக்குச் சான்றாகிவிடுவதுதான் பெருங்கேடு. ஒவ்வொரு பெயரோடும் அது ஆய்வகத்தில் நிறுவப்பட்டதா, ஒப்பீட்டில் ஊகிக்கப்பட்டதா என்ற குறிப்பும் சேர்ந்தே பயணிக்க வேண்டும். யூனிபுராட் தரவுத்தளத்தில் அந்தக் குறிப்பு உண்டு. அங்கிருந்து பெயரை எடுப்பவர்கள் அதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.