திரையில் நாவல்: ஓராண்டு மதிப்பீட்டுக்கு ஒரு முன்னுரை

இலக்கியப் படைப்புக்களைத் தழுவியெழுந்த திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் மாதம் ஒன்றாக ஓராண்டு காலம் இவ்விதழில் மதிப்பிடக் கருதியுள்ளோம். இம்முயற்சிக்கு நம்மைத் தூண்டியது ஒரு விடைத்தாள். உயர்தர வகுப்பு மாணவரொருவர் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பற்றி எழுதுமிடத்து, மதுராந்தகனே இறுதியில் உத்தம சோழனாக முடிசூடினான் என்று எழுதியிருந்தார். நாவலைப் படித்தோர் அறிவர்: அங்கே முடிசூடுபவன் பூந்தோட்டத்தில் வளர்ந்து பூமாலை கட்டிய சேந்தன் அமுதன். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மணிரத்தினத்தின் படத்தில் இந்த ஆள்மாற்றம் இல்லை. மாணவர் படம் பார்த்தார்; நாவல் படிக்கவில்லை.

அவரைக் கடிந்துகொள்வது எளிது. நாமோ வேறொன்றை எண்ணினோம். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்த அக்கதையில் ஏழை வீட்டுப் பிள்ளை அரியணை ஏறுவதைக் கண்டு வாசகர் மகிழ்ந்திருப்பர். ஆனால் அவ்வேழை உண்மையில் அரச குலத்தவன் என்று கல்கி முடித்துவிடுகின்றார். குடிசைக்கு மகுடம் கிடைக்கவில்லை, இரத்தத்துக்கே கிடைத்தது. படமோ அந்தச் சிறு மயக்கத்தையும் தேவையற்றதென நீக்கிவிட்டது. இரண்டில் எது நேர்மையானது? 'நாவலில் உள்ளபடி எடுத்திருக்கின்றார்களா?' என்னும் வழக்கமான கேள்வியால் இதற்கு விடை காண முடியாது. அது கணக்குப்பிள்ளையின் கேள்வி. விடுபட்டதையும் சேர்ந்ததையும் எண்ணுவதோடு அது ஓய்ந்துவிடும். ஏன் விடுபட்டது, யார் பொருட்டுச் சேர்க்கப்பட்டது என்று கேட்பதே நமது வேலை.

'அசுர'னை எடுத்துக்கொள்வோம். பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. அண்ணனைக் கொல்வித்த நிலவுடைமையாளனை வெட்டிச் சாய்த்த பதினைந்து வயதுச் சிறுவன், தந்தையோடு காடும் மலையுமாக ஒளிந்து திரியும் எட்டு நாட்களே கதை. சாதிப் பெயர்களை உரக்கக் கூறாமலே ஒடுக்குமுறையை உணர்த்திவிடும் நாவல் அது. 2019இல் வெற்றிமாறன் அதனைப் படமாக்கியபோது கதையின் நடுவிடம் சிறுவனிடமிருந்து தந்தைக்கு மாறியது. தந்தைக்கு ஓர் இளமைக்காலமும், பறிக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் வரலாறும் சேர்க்கப்பட்டன. இது பெரும் பேறு. நாவல் சொல்லாது விட்ட நிலப் பிரச்சினையைப் படம் பெயர் சுட்டிப் பேசுகின்றது. ஆயினும் சிறுவனின் செயலாய் இருந்தது நட்சத்திர நடிகரின் வீரமாய் ஓங்கிவிட்டது. முடிவில் தந்தை கல்வியின் பெருமையை மகனுக்கு எடுத்துரைக்கின்றார். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இனிக்கும் அறிவுரைதான். ஆனால் அதுவரை எழுந்து நின்ற 'நிலம் எங்கே?' என்ற கேள்வி அவ்வறிவுரையில் அமர்ந்துவிடுகின்றது. படம் பார்த்து வெளியே வருபவன் கண்ணீரோடு வருகின்றான், கோபத்தோடு வருவதில்லை என்பது நமது எண்ணம். மாற்றுக் கருத்துடையோர் எழுதலாம்.

சிங்கள மொழிக்கு ஒரு மாதமாவது ஒதுக்காவிடில் இத்திட்டம் குறைபட்டதாகும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' 1944இல் நூலாயிற்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் அதனைத் திரைக்குக் கொணர்ந்தார். 1965இல் புதுடில்லி விழாவில் தங்க மயில் விருது கிடைத்தது. எம். எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என அதனைத் தமிழில் தந்தும் நம் மாணவர் பலர் நூலையும் அறியார், படத்தையும் அறியார். தென்னிலங்கை நிலமானியக் குடும்பமொன்றின் தளர்ச்சியைப் பாட்டும் கூத்துமின்றி, ஒரு பெருமூச்சின் நிதானத்தோடு காட்டும் படம் அது. முன்னர் தகுதியில்லையென ஒதுக்கப்பட்ட பியல், வணிகத்தில் பொருளீட்டித் திரும்பி நந்தாவை மணக்கின்றான். அப்பொருள் யார் உழைப்பில் திரண்டது என்பதைப் படம் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது என்ற குறையையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

தொலைக்காட்சியில் பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' முதலிடம் பெறும். பிரிவினைக் காலக் கலவரம் எவ்வாறு மூட்டப்பட்டது என்பதைக் கோவிந்த் நிஹலானி தொடராக்கியபோது, 1988இல் அதனைத் தடுக்கக் கோரிய வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை சென்று தள்ளுபடியாயிற்று. கலவரங்களைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கு அதன் பொருள் கூடுதலாகவே விளங்கும்.

ஈழத்து நாவலுக்கு வந்தால் நம் கை சுருங்குகின்றது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் படமாயிற்று. நாவல் நம் மேசைமேல் இருக்கின்றது. படத்தை நாம் பார்த்ததில்லை, பார்க்கும் வயதில் அன்று பிறந்திருக்கவுமில்லை. அதனைக் கொட்டகையில் கண்ட மூத்த வாசகர்கள் தம் நினைவில் நிற்கும் காட்சிகளை எழுதியனுப்பினால், அம்மாதத்துக் கட்டுரையை அவர்களோடு சேர்ந்தே எழுதுவோம்.