இரு வசைச் சொற்களின் குலமும் குணமும்

ஆங்கிலத்திலே பண்பாட்டுக் குறைவைச் சுட்டும் 'வல்கர்', 'பூரிஷ்' எனும் இரு பெயரடைகளையும் தமிழிற் பெயர்ப்போர் 'நாகரிகமற்ற' என்ற ஒன்றினாலேயே நிறைவுகொள்வதுண்டு. அவற்றின் பொருள் ஒன்றன்று; ஆயினும், பிறந்த சூழல் ஏறத்தாழ ஒன்றே.

முன்னையது, பொதுமக்களைக் குறிக்கும் 'வல்குஸ்' எனும் இலத்தீன் சொல்லின் அடியாகத் தோன்றியது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மக்கள் மொழியின் சிறப்பினைப் பேசப் புகுந்த தாந்தே, தமது இலத்தீன் நூலின் தலைப்பிலேயே இவ்வடிச்சொல்லை இழிவுக் குறிப்பின்றி வழங்கினார். எண்கணிதத்திற் பின்னத்துக்கு அடையாக வரும்போது 'வல்கர்' என்பது வசையன்று. பின்னையது உழவனைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லோடு உறவுடையது. தென்னாபிரிக்கப் 'போயர்' மக்களின் பெயரும் அதுவே. அயலவனைக் குறிக்கும் 'நெய்பர்' என்ற இனிய சொல்லின் பிற்பகுதியும் அக்குடும்பத்தினதே என்பது சுவையான செய்தி. ஆக, பலராயிருத்தலும் உழவராயிருத்தலுமே குற்றங்களாயின. சமூகத் தரத்தைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிப்பனவாக மாறும் இப்போக்கினை சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் விளக்கியுள்ளார். (ஈழத்தில் 1960களின் மரபுப் போராட்டத்தின்போது பேச்சுவழக்குப் படைப்புகள்மீது வீசப்பட்ட 'இழிசனர்' என்ற சொல்லும் இவ்வகையினதே.)

இன்றைய வழக்கில், 'வல்கர்' என்பது சுவை பற்றிய கண்டனம். பகட்டும் அளவின்மையும் அதன் இலக்கு. செல்வரையும் மாளிகையையும் நூலையும் அது சாரும். 'பூரிஷ்' என்பதோ பிறர் மனம் நோவதை உணராத முரட்டு நடத்தையைச் சுட்டும். நூலொன்றை அவ்வாறு அழைத்தல் அரிது.

1815இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் 'எம்மா' நாவலை இவ்வேறுபாட்டுடன் நோக்குதல் பயனுடைத்து. உழவனான றொபேட் மாட்டின் பிற்காலத்தில் எவ்வாறிருப்பான் என்று கற்பனை செய்யும்போதும், மதகுருவின் மனைவியாக வந்த பகட்டுக்காரி திருமதி எல்ரனை வெறுக்கும்போதும் நாயகியின் வாயில் வருவது 'வல்கர்' என்ற ஒரே சொல்தான். பின்னவளுக்கு அது பொருந்தும். மாட்டினிடம் எம்மா காண்பது குணமன்று, குலம். அவன் எழுதிய கடிதத்தின் செம்மை அவளையே திகைக்க வைக்கின்றது. பொக்ஸ் குன்றிலோ, செல்வி பேற்சைப் பலர் முன்னிலையில் எள்ளி நோகச் செய்பவள் எம்மாவே. இன்றைய பொருளில் 'பூரிஷ்' எனத்தக்க அச்செயலைப் புரிந்தவள் உழவர் மகளல்லள். ஊரின் முதற்குடும்பத்து நங்கை. அவளைக் கண்டிக்கும் நைற்லி அழுத்திக் கூறுவதும் பேற்சின் வறுமையையே.