11 மாதம் பறந்த பத்திரிகை!

'ஏர் வொண்டர் ஸ்டோரீஸ்' என்று யாராவது பேச்செடுத்தால் போதும், என்னை நிறுத்தவே முடியாது! 1929 ஜூலையில் நியூயார்க்கில் பிறந்து, 1930 மே மாதத்தோடு முடிந்துபோன அறிவியல் புனைகதைப் பத்திரிகை. மொத்தமே 11 இதழ்தான். அத்தனையிலும் ஆகாயம், ஆகாயம், ஆகாயம்!

ஆரம்பித்தவர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். 'அமேஸிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையைத் தொடங்கிய அதே மனுஷன். கம்பெனி திவாலாகி அது கைவிட்டுப் போனது 1929 பிப்ரவரியில். அவர் சோர்ந்து உட்கார்ந்தாரா? ஜூனில் 'சயன்ஸ் வொண்டர் ஸ்டோரீஸ்', ஜூலையில் இது! எதிர்கால விமானக் கதைகள் மட்டும்தான் வரும் என்று முதல் இதழிலேயே அடித்துச் சொல்லிவிட்டார். என்ன நெஞ்சழுத்தம்!

கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்கள். லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டி இரண்டு வருஷம்தான் ஆகிறது, ஊரெல்லாம் விமானப் பைத்தியம், உங்கள் சட்டைப்பையில் 25 சென்ட், கடையில் தொங்குகிறது அந்த நவம்பர் இதழ், அட்டையில் வானளாவிய கட்டடங்களோடு ஒரு முழு நகரம், ஆமாம், முழு நகரமே அந்தரத்தில் மிதக்கிறது! எட்மண்ட் ஹாமில்டனின் 'சிட்டீஸ் இன் தி ஏர்' கதைக்கு ஃபிராங்க் ஆர். பால் வரைந்த படம். கட்டடக்கலை படித்த கை அல்லவா, கோபுரம் கோபுரமாக அடுக்கித் தள்ளியிருக்கிறார்! என்னிடம் இருப்பது ஸ்கேன் பிரதிதான், அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அச்சு மையின் புள்ளிகள் தெரியும்வரை போய், மூக்கு திரையில் இடிக்க, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று நடுராத்திரியில் வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன், வெட்கமே இல்லை எனக்கு! கதைக்குள்ளே போனால் நகரமும் நகரமும் வானத்திலேயே மோதிக்கொள்கின்றன. வெளியே, அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறது. பக்கத்துக்குள்ளே நியூயார்க் மேகத்துக்கு மேலே நிற்கிறது! மயிர்க்கூச்செறியாமல் எப்படி இருக்கும்? கதாபாத்திரங்கள் கொஞ்சம் மரம்தான். இருக்கட்டுமே, யாருக்கு வேண்டும் அது!

1930 ஜூனில் இரண்டு பத்திரிகையையும் சேர்த்து 'வொண்டர் ஸ்டோரீஸ்' ஆக்கிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் ஏர் வொண்டருக்கு ஒரு முழக்கம் எழுதச் சொல்லிப் போட்டி வைத்திருந்தார்களே, பரிசு 100 டாலர்! முடிவு வந்தது செப்டம்பரில். ஜெயித்த வாசகம் 'ஃப்யூச்சர் ஃப்ளையிங் ஃபிக்‌ஷன்'. அனுப்பியவர் ஜான் பெய்னன் ஹாரிஸ் என்ற இங்கிலாந்துக்காரர். யார் தெரியுமா? பிற்பாடு 'தி டே ஆஃப் தி ட்ரிஃபிட்ஸ்' எழுதினாரே, ஜான் விண்டம், சாட்சாத் அவரேதான்! அதை அட்டையில் போடத்தான் பத்திரிகை இல்லை, அடடா!